உப்பில்லாத ஒரு வாய்

பூனைக்குச் சமைத்த சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். பசியாலும் இல்லை, பந்தயம் கட்டியும் இல்லை. வேலையாகச் சாப்பிட்டேன். மேற்குத் தாம்பரத்தில் கறிக்கடை வைத்திருந்தபோது, ஒரு வருஷம் தவக்காலம் முழுக்க, சாயங்காலமானால் கடையைக் கழுவி மூடிவிட்டு ஒரு வீட்டுக்குப் போவேன். அங்கே பூனைகளுக்காக இறக்கி வைத்திருக்கும் சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வேன். "நல்லா கீதுக்கா" என்பேன். அவ்வளவுதான் வேலை. மூன்றாம் வகுப்பைத் தாண்ட முடியாமல் அதிலேயே குடியிருந்துவிட்டு வந்தவனுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் யார் தரப்போகிறார்கள்?

தந்தவர் ஒரு அக்கா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பாடம் எடுக்காவிட்டாலும் மார்க்கெட்டில் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அக்கா என்பேன், டீச்சர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது தானாக வலிக்கும் என்பதால். அவர் கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன் இருக்கும், கைக்குட்டையில் சுற்றி. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் பொறுப்பில் இருப்பவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சத்துணவுக் கூடத்து விதி. மற்றவர்களுக்கு அது சுவரில் ஒட்டிய காகிதம். அக்காவுக்கு அது பத்துக் கட்டளைகளுக்கு அடுத்து வந்த பதினோராவது கட்டளை.

முதல் நாள் அவர் கடைக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

"ஹார்ட்டு இருக்காப்பா?"

"இருந்துச்சுக்கா. சானடோரியத்துல ஒரு பொண்ணு வாங்கிகினு போயி திருப்பியே தர்ல."

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "ஆட்டோடது கேட்டேன்" என்றார்.

எடுத்துப் போட்டேன். குனிந்து மோந்து பார்த்தார். கறியை அழுத்திப் பார்ப்பவர்களை, திருப்பிப் பார்ப்பவர்களை, பார்க்காமலே திட்டுகிறவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். மோந்து பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். "இது காலைல வெட்டினது. அது?" என்று உள்ளே தொங்கியதைக் காட்டினார். அது நேற்றையது. காலையில் வெட்டியதையே பொட்டலம் கட்டினேன். அன்றிலிருந்து ஹார்ட்டு, ஈரல் துண்டு, சவ்வுக்கறி எல்லாம் அவருக்கென்று தனியாக எடுத்து வைப்பது என் வழக்கமாயிற்று.

அது அவர் வீட்டுப் பூனைகளுக்கு என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரு முனையில் திரிகிற பூனைக்குச் சோற்றில் கொஞ்சம் பால் ஊற்றி வைக்கிறவர்கள் உண்டு. மீன் முள்ளைப் போடுகிறவர்கள் உண்டு. அடுப்பில் சட்டி வைத்து, பக்குவம் பார்த்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமைத்துப் போடுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாருப்பா" என்பார். அந்த டாக்டர் என்ன சொன்னாரோ அதை அவர் வேதம் போலக் கடைப்பிடிப்பார். கறியை வேகவைத்த தண்ணியைக் கொட்டக் கூடாது, சத்து அதில் போய்விடும். வெங்காயம் ஆகவே ஆகாது. உப்பு, மிளகாய், மசாலா எதுவும் கிடையாது. ஒரு பிடி சோறு, கொஞ்சம் பரங்கிக்காய், மீதியெல்லாம் கறி. இறக்கி ஆறவிட்ட பிறகுதான் மருந்துகள். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, வறுத்து, மாவாக அரைத்த பொடி ஒரு சிட்டிகை. அந்த மஞ்சள் மீன் எண்ணெய் மாத்திரையை ஊசியால் குத்தி ஒரே ஒரு சொட்டு. "ரெண்டு சொட்டு வுட்டா இன்னாக்கா ஆவும்?" என்று கேட்டேன். "உன் கறில ரெண்டு பங்கு மிளகா போட்டா இன்னா ஆகும்?" என்றார். அவர் பேச்சு நம்ம பேச்சில்லை, கொஞ்சம் பள்ளிக்கூட வாடை அடிக்கும். என்னோடு பேசும்போது மட்டும் நடுநடுவே ஒரு "இன்னா" வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் கலந்த பிறகு ஸ்பூன் வெளியே வரும். ஒரு வாய் எடுத்துப் போட்டு, கண்ணை மூடி மென்று, விழுங்குவார். அதன் பிறகுதான் தட்டு கீழே இறங்கும்.

"ஏன்க்கா, பூனைக்கு வெக்கிறத நீ ஏன் துன்ற?"

"என் வாய்க்கு ஆகாதத அதுங்க வாய்க்கு எப்பிடிப்பா வெக்கிறது?"

என் கடைக் கறியில் பாதியை நானே சாப்பிட மாட்டேன் என்பது வேறு விஷயம்.

பூனைகளுக்கெல்லாம் ரயில் ஸ்டேஷன் பேர். எந்த ஸ்டேஷனில் கிடைத்ததோ அந்தப் பேர். பல்லாவரம் என்று ஒரு தடியன், என் கடைப்பக்கம் வந்தால் கத்தியை விட்டுவிட்டுக் கறியை மட்டும் தூக்கிக்கொண்டு போவான். கிண்டி என்று ஒன்று, குதிரைப் பந்தயம் நடக்கிற ஊர்ப் பேருக்கேற்ற மாதிரி எப்போதும் ஓட்டம்தான். சாப்பாட்டு நேரத்தில் அக்கா வாசலில் நின்று "பல்லாவரம்! கிண்டி! குரோம்பேட்டை!" என்று கூப்பிடும்போது, புதிதாகக் குடிவந்த ஒருத்தர் ரயில் வருகிறதோ என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். அந்த ஒருத்தர் நானில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

அக்காவின் மேல் பொறாமை இல்லாமல் இருக்குமா? பள்ளிக்கூட முட்டையைப் பூனைக்குக் கொண்டுபோகிறார் என்று யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். ஒரு ஆபீசர் வந்து கேட்டிலேயே நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார். நான் அப்போது எதிரே டீக்கடையில் இருந்தேன். பைக்குள் ஒரு பெரிய பொட்டலம். பிரித்தால் முட்டை ஓடு.

"முட்டை எங்கம்மா?"

"புள்ளைங்க வயித்துல சார்."

"ஓடு எதுக்கு?"

"பூனைங்களுக்கு எலும்பு கெட்டியாகும் சார். அரைச்சுப் போடுவேன்."

ஆபீசர் ஒரு முட்டை ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு முட்டி வலி இருக்கும்மா, இது கேக்குமா?" என்றார். அடுத்த வாரம் அவருக்கு ஒரு டப்பா போயிற்று. அக்கா அதிலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

என் பெண்ணுக்குக் காது குத்திய அன்றும் இதே கதைதான். விருந்துக்கு வந்தவர் பந்தியில் உட்காராமல் நேராகச் சமையல் பக்கம் போய்விட்டார். ஒவ்வொரு அண்டாவிலும் ஸ்பூன். சமையல்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "யாருய்யா அந்தம்மா, சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடி எச்சி பண்ணுது!" எனக்கும் கொஞ்சம் கோபம்தான். அதற்குள் அக்கா பாயசத்தைக் காட்டிக் கையசைத்தார். மண்ணெண்ணெய் வாடை. ஸ்டவ்வுக்கு ஊற்றிய புனலையே பாலுக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாயசம் பந்திக்குப் போயிருந்தால் என் மாமனார் வீட்டார் வாயில் தீக்குச்சி காட்டினாலே பற்றியிருக்கும்.

குரோம்பேட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பூனை. தண்டவாளத்து ஓரத்தில் மோதி மோதி நடந்துகொண்டிருந்ததை அக்கா தூக்கி வந்தார். கண் முக்கால்வாசி போய்விட்டது. ஏதோ சுத்த சைவ வீட்டில் தயிர்ச் சோறு மட்டும் போட்டு வளர்த்திருக்க வேண்டும், கறிச் சத்து இல்லாவிட்டால் பூனைக்குப் பார்வை மங்கும் என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், ஹார்ட்டு போடுங்கள் என்றார். அக்கா என் கடைக்கு வந்தது அதற்காகத்தான்.

சரியாகப் பார்க்க முடியாத குரோம்பேட்டை ஒரு வழக்கம் வைத்திருந்தது. சமையல் ஆனதும் அக்கா மடியில் ஏறும். அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோகும். அந்த வாயில் அந்தச் சாப்பாட்டு வாடை வந்தால்தான் இறங்கித் தட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் தட்டு முன்னால் வைத்தாலும் தொடாது. எந்த வீட்டில் என்ன கிடைத்துப் பயந்ததோ.

அது வந்த பிறகு வந்த முதல் தவக்காலம் அது.

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அக்கா கறி, மீன், முட்டை எதையும் வாயில் வைக்க மாட்டார். மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. அவர் வீட்டுக்காரர் டிபி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. அவர் பிழைத்து வந்தார். பிறகு வேறு எதிலோ போய்விட்டார். "அதான் அவரே இல்லியே, நேர்ச்ச இன்னாத்துக்குக்கா?" என்று ஒரு தரம் கேட்டேன். "கேட்டது குடுத்தாங்கல்ல? அப்புறம் எடுத்துக்கிட்டது வேற விஷயம்" என்றார்.

முந்தைய வருஷங்களில் தவக்காலத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் ருசி பார்த்துக் கொடுத்தாளாம். அவள் கல்யாணமாகி நாவலூர்ப் பக்கம் போய்விட்டாள்.

"கறி உன்னோடது. ருசியும் நீயே பாருப்பா" என்றார் அக்கா.

"நானாக்கா? எனுக்கு பீடி வாசனையும் சாராய வாசனையும் தவிர வேற தெரியாதே."

"கெட்டுப்போனது தெரியும்ல? அது போதும்."

அப்படித்தான் உத்தியோகத்தில் சேர்ந்தேன். முதல் வாய் போட்டதும் எனக்கு என் அம்மா, அப்பா, செத்துப்போன மாமா எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். உப்பில்லாத ஈரல், மீன் எண்ணெய், முட்டை ஓட்டு மாவு. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கீதுக்கா" என்றேன். பல்லாவரமும் கிண்டியும் யார் ருசி பார்த்தால் என்ன என்று பாய்ந்தன.

குரோம்பேட்டை மட்டும் என் மடியில் ஏறியது. என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தது. ஒரு தும்மல் போட்டது. இறங்கிப் போய்விட்டது.

"பீடி" என்றார் அக்கா.

பீடியை விட்டேன். என் பொண்டாட்டி குழந்தைகள் மேல் சத்தியம் வாங்கியும் விடாத பீடி. விஷயம் தெரிந்ததும் அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நா கட்டிகினு வந்து இத்தினி வருசமா கத்துறேன். ஒரு குருட்டுப் பூனை தும்முச்சுன்னு வுட்டுட்டியா? அதுங்கூடயே போய் குடும்பம் நட்த்து, போ."

பீடியை விட்டும் பலனில்லை. பிறகு அக்காவின் பழைய சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா மாதிரி குரலை மெலித்து "குரோம்பேட்ட, வாம்மா" என்றேன். பூனை வரவில்லை. வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன்தான் வந்து, பார்த்து, சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடினான்.

தொடக்கத்தில் பசி தாங்காமல் நாலு வாய் தின்றது. வாரம் போகப் போக அதுவும் குறைந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரில் சாறு எடுத்து அக்கா வாயில் விட்டார். விட்டதை வாந்தி எடுத்தது. ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின புனித வாரத்தில் சுத்தமாக நிறுத்திவிட்டது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுடும்மா. ஊசி போட்டிருக்கேன். ஆனா வயித்துக்குள்ள எதாவது போகணும்."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் தாங்குமா டாக்டர்?"

"ஞாயித்துக்கெழமை இன்னா கணக்கு? நாளைக்கே நான் சொல்ல முடியாது."

மறுநாள் பெரிய வெள்ளி. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன், சீக்கிரமே மூடிவிட்டேன். அக்கா கோயிலுக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "அது பக்கத்துல ஒக்காருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன். அடுப்பு மேடைக்குக் கீழே சாக்கில் கிடந்தது. தாடையைத் தரையில் வைத்துவிட்டது. சாறில் விரலைத் தோய்த்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் எத்தனையோ ஆட்டைப் பார்த்தவன். எது போகும் என்று எனக்குத் தெரியும். கறிக்கடைக்காரன் பூனைக்காக அழுதான் என்று வெளியே தெரிந்தால் மார்க்கெட்டில் தலைகாட்ட முடியாது என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி ஜெபம் முடிந்து அக்கா வந்தார். வெள்ளைச் சேலை, செருப்பில்லாத கால். காலையிலிருந்து தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"சாப்ட்டுச்சா?"

"இல்லக்கா. ஒண்ணு சொல்றேன் கேளு. வாய்ல வெச்சுட்டுத் துப்பிடு. வாட வந்தா போதும்ல? முழுங்கலன்னா நேர்ச்ச கெடாது."

அக்கா என்னைப் பார்த்தார். "ஆண்டவரை ஏமாத்தறது பத்தாதுன்னு அதையும் ஏமாத்தணுமா?"

அடுப்பைப் பற்றவைத்தார். ஹார்ட்டுத் துண்டைச் சாறோடு சூடாக்கினார். இறக்கினார், ஆற்றினார், பொடி போட்டார், ஊசியால் குத்தி ஒரு சொட்டு விட்டார். எதிலும் அவசரமில்லை. கைக்குட்டையைப் பிரித்து ஸ்பூனை எடுத்தவர், சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ அந்தப் பக்கம் திரும்புப்பா."

"நா இன்னாத்துக்குக்கா திரும்பணும்? அவரு பாத்துகினுதான கீறாரு?"

"அவர் பாக்கட்டும். நீ பாத்தா மார்க்கெட்டு பூராத் தெரியும்."

திரும்பிக்கொண்டேன். ஆனால் எதிரில் எவர்சில்வர் குடம் இருந்தது. அதை அவ்வளவு பளபளவென்று தேய்த்து வைத்தது அவர் குற்றம். ஸ்பூன் வாய்க்குப் போனது தெரிந்தது. கண்ணை மூடி மென்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் மென்றார். விழுங்கினார். பிறகு தரையில் மண்டியிட்டு, அதன் முகத்தருகே குனிந்து வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மூச்சு விட்டார். சாக்கிலிருந்து தலை கொஞ்சம் எழுந்தது. மூக்கு அவர் உதட்டைத் தொட்டது. நகர்ந்து போய் மறுபடி தொட்டது. பிறகு தட்டில் நாக்கு படுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிவிட்டேன்.

தின்னத் தின்ன அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவரும் இப்பிடித்தான்ப்பா" என்றார். "டிபி வார்டுல. கேரியரத் தொறந்து நான் ஒரு வாய் போட்டாத்தான் அவர் வாயத் தொறப்பார்."

சனிக்கிழமை காலையில் குரோம்பேட்டை இன்னொரு தட்டு தின்றது, அக்காவும் இன்னொரு வாய் தின்றார். பிறகு அவரைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்கு மிதித்தேன், செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு. ஈஸ்டருக்கு முந்தைய நாள், வரிசை கேட் வரைக்கும் நின்றது. "நீயும் இரு, ஃபாதர் நம்பலன்னா சாட்சிக்குக் கூப்புடறேன்" என்றார். பாவத்துக்குச் சாட்சி சொல்லப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, பீடி இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"இன்னாக்கா சொன்னாரு? முட்டி போட்டு மலை ஏறச் சொன்னாரா?"

"எல்லாத்தையும் சொன்னேன்ப்பா. பொறுமையாக் கேட்டார். கடைசில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'உப்பு போட்டிருந்ததாம்மா?' இல்ல ஃபாதர்னேன். 'மசாலா?' அதுவும் இல்லன்னேன். 'அப்ப அது சாப்பாடு இல்ல, மருந்து. நேர்ச்சை முறியல, சமாதானமாப் போ'ன்னுட்டார்."

"அப்ப பேஜார் இல்ல! ஏறு ஏறு, போலாம்."

சைக்கிளைத் திருப்பி ஸ்டாண்டைத் தட்டினேன். பின்னால் ஆள் ஏறுகிற கனம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னொரு செருப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். போட்டதையும் கழற்றினார். கோயிலைப் பார்த்து நடந்தார்.

"எங்கக்கா? அதான் மன்னிச்சுட்டாருல்ல!"

"ஒண்ணு சொல்லாம வந்துட்டேன்ப்பா."

"இன்னாத்த?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நல்லா இருந்துச்சு."

போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். நானும் எத்தனையோ வருஷம் கறி விற்றேன். எலும்பு ஜாஸ்தி, கொழுப்பு ஜாஸ்தி என்று திட்டியவர்கள்தான் அத்தனை பேரும். அது நன்றாக இருக்கிறதென்று ஆண்டவர் வரைக்கும் போய்ச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.